எதுக்குப் போறே?... சும்மாதான்!



நம் பகுதிக்கு வரும் கடிதங்களில் சமையல் குறிப்பு இருக்கும், மாமியார்-மருமகள் பஞ்சாயத்து இருக்கும், பிள்ளைகள் படிப்பு, நகைச்சீட்டு, முழங்கால் வலி எல்லாம் இருக்கும். கொஞ்ச நாளாக இன்னொரு வகைக் கடிதமும் வர ஆரம்பித்திருக்கிறது. பெரிய குறை ஒன்றும் இல்லை என்றுதான் அவை தொடங்குகின்றன. வீட்டுக்காரர் தங்கமானவர், பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்கள், கடன் கிடையாது. ஆனாலும் நாலைந்து வரி தாண்டியதும், "எனக்குன்னு என்ன இருக்குன்னே தெரியலை" என்று ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது.

மதுரை வாசகி ஒருவர் எழுதியதை அப்படியே தருகிறோம்: "கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து 22 வருஷம் ஆச்சு. ராத்திரி எட்டு மணிக்கு மேல வீட்டை விட்டு வெளியே போனது எத்தனை தடவைன்னு எண்ணிப் பார்த்தேன். ரெண்டு பிரசவம், மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தது, பையனுக்கு டெங்கு, ரெண்டு சாவு, நாலஞ்சு கல்யாண ரிசப்ஷன். சும்மா போனது ஒரு தடவைகூட இல்லை. வெளியூர்க்காரங்க மதுரையைத் தூங்கா நகரம்னு சொல்றாங்க. நானும் தூங்காமத்தான் இருக்கேன். ஊரைத்தான் பார்த்ததில்லை."

இந்த "சும்மா" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வீட்டு ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு, "இந்தா வந்துடறேன்" என்று கிளம்புகிறார்கள். எங்கே என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. தெருமுனை டீக்கடை பெஞ்சில் அரை மணி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, காற்று வாங்கிவிட்டு வருவார்கள். அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. மனுஷருக்கு அது வேண்டியதுதான். அதே நேரத்துக்கு நாம் செருப்பை மாட்டினால் மட்டும் வீட்டில் நாலு பக்கத்திலிருந்தும் "எதுக்குப் போறே?" என்று கேள்வி வருகிறது.

அந்தக் கேள்விக்கு நம் கையில் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. காய்கறிப் பை, பால் தூக்கு, அர்ச்சனைக் கூடை, ஸ்கேன் ரிப்போர்ட் கவர், இதில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால்தான் தெருவில் நடக்க நமக்கே தைரியம் வருகிறது. ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே என்ற மூன்று பெண்கள் மும்பைத் தெருக்களை ஆராய்ந்து 2011-ல் "ஒய் லாய்ட்டர்?" என்று ஓர் ஆங்கிலப் புத்தகம் எழுதினார்கள். பெண்கள் சும்மா ஏன் சுற்றக்கூடாது என்பதுதான் அதன் தலைப்பிலேயே இருக்கும் கேள்வி. ஒரு பெண் பொது இடத்தில் இருந்தால் ஏதோ வேலையாகத்தான் வந்திருக்கிறாள் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, வெறுமனே நிற்கும் உரிமை அவளுக்கு இல்லை என்பது அவர்கள் கண்டு சொன்னது. மும்பையிலேயே அப்படி என்றால் நம்ம ஊரைக் கேட்கவே வேண்டாம்!

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். பகல் வெயில் தாங்காது என்று நிலா வெளிச்சத்தில் காட்டு வழி நடந்து மதுரைக்கு வந்தவள் கண்ணகி. ஊர் எல்லைக்கு வந்ததும் அவளைக் கவுந்தி அடிகளிடம் விட்டுவிட்டு, கோவலன் மட்டும் உள்ளே போகிறான். கடைவீதி, ரத்தினக் கடை, துணிக்கடை, தானியக்கடை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறான். அந்தப் பகுதிக்கு இளங்கோவடிகள் வைத்த பெயரே "ஊர்காண் காதை". கண்ணகி எப்போது மதுரைத் தெருக்களைப் பார்த்தாள்? புருஷன் வெட்டுப்பட்டான் என்று கேட்டு, கையில் ஒற்றைச் சிலம்போடு அழுது அரற்றிக்கொண்டு ஓடிய அன்றைக்குத்தான். அந்தப் பகுதிக்குப் பெயர் "ஊர்சூழ் வரி". அவன் வேடிக்கை பார்த்த தெருக்களை அவள் கண்ணீரோடுதான் பார்த்தாள்.

நம் வாசகி போட்ட கணக்கும் அதுதானே? ஆஸ்பத்திரி, சாவு வீடு, பிரசவ வலி... ஊருக்குள் ராத்திரி நாம் கால் வைப்பது ஆபத்து வந்த நேரத்தில் மட்டும்தான். அதனால்தான் இருட்டினாலே நமக்கு வயிற்றில் ஏதோ பிசைகிறது. அந்த நேரத்துத் தெருவைப் பயத்தோடு மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். வேறு விதமாகவும் பார்த்தால்தானே அந்தப் பயம் கொஞ்சமாவது குறையும்?

சரி, நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் நாடு முழுக்க எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவழிப்பது ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிஷம் என்று வந்திருக்கிறது. அந்த வேலைகளைச் செய்யும் ஆண்கள் செலவழிப்பது 88 நிமிஷம். அதாவது நாம் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், அவர்கள் ஒன்றரை மணி நேரம். குழந்தைகளையும் வயதானவர்களையும் கவனித்துக்கொள்வது இதில் சேராது, அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது.

ஆனால், கடிகார நிமிஷத்தைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. அந்த ஐந்து மணி நேரமும் அடுத்தவர் வேகத்துக்கு ஓடுகிற நேரம். பள்ளி வேன் வரும் நேரம், குழாயில் தண்ணீர் வரும் நேரம், அவர் ஆபீஸ் கிளம்பும் நேரம், மாமனாருக்கு மாத்திரை நேரம் என்று பிறர் கடிகாரத்துக்கு ஓடி ஓடி, நம் சொந்த வேகம் என்ன என்பதே மறந்து போகிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார்: "மகள் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனா. சர்வர் வந்து உங்களுக்கு என்ன வேணும்மான்னு கேட்டாரு. அவருக்கு என்ன பிடிக்கும், பையனுக்கு எது ஆகாது, பேத்திக்கு எது இஷ்டம்னு வரிசையா சொல்லிட்டேன். எனக்கு என்னன்னு சொல்லத் தெரியலை." படித்துவிட்டுச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

இதற்கு மருந்து ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இல்லை. டூர் போனாலும் துணிமணி எடுத்து வைப்பதும், முறுக்கு சுடுவதும், மாத்திரை டப்பாவைத் தேடுவதும் நாம்தானே! நாம் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். மாதத்தில் ஒரு சாயங்காலம், ஆறரை மணியிலிருந்து ஒன்பதரை வரை, சொந்த ஊரிலேயே, ஒரு வேலையும் இல்லாமல், மெதுவாக நடந்து பார்ப்பது. அவ்வளவுதான்.

கடிதம் எழுதிய சகோதரி மதுரை என்பதால் மதுரையையே எடுத்துக்கொள்வோம். கோவிலைச் சுற்றி அடுக்கடுக்காக வீதிகள். கோவிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. பெரும்பாலும் மாதப் பெயர்கள்! திருவிழாவுக்கு ஏற்ற மாதிரி ஊரையே வகுத்து வைத்திருக்கிறார்கள். வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர்கள் பெயரில்தான் இன்றைக்கும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன.

தீபாவளிக்குப் புடவை எடுக்க விளக்குத்தூண் பக்கம் போகாத மதுரைப் பெண் உண்டா? அந்த விளக்குத்தூண் என்பது என்னவென்று நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? அந்தப் பிளாக்பர்ன் துரையின் நினைவாக நட்ட விளக்குக் கம்பம்தான் அது. கையில் துணிப்பையும் மனசில் பட்ஜெட்டும் வைத்துக்கொண்டு போகிற நாளில் அது கண்ணில் படாது. சும்மா போகிற நாளில்தான் படும்.

மேல மாசி வீதிக்குப் போங்கள். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தியடிகள் மேல் சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் வேட்டிக்கு மாறியது அங்கே ஒரு வீட்டு மாடியில்தான். இப்போது அந்தக் கட்டடத்தில் கதர்க் கடை இருக்கிறது. கோவிலுக்குப் பக்கத்து அனுமந்தராயன் கோவில் தெருவில்தான் 1916-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தார். அவர் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். உலகமே கேட்ட அந்தக் குரல் முதலில் கேட்டது நாம் பூ வாங்கக் கடந்து போகிற சந்தில்தான்!

கிழக்கே எழுகடல் தெரு. மீனாட்சியம்மனின் தாயார் காஞ்சனமாலைக்குக் கடலில் நீராட ஆசை வந்ததாம். மகளும் மருமகனும் இருக்க, கட்டிய கணவன் இல்லாத அந்தத் தாயின் ஆசைக்காகச் சுந்தரேசர் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்தார் என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. புருஷன் கைபிடித்து நீராட வழியில்லாததால் கன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு முழுகப் போனாளாம். கதையைக் கேட்கும்போதே அந்தத் தாயின் ஏக்கம் புரிகிறது இல்லையா? அவளுக்குக் கடல் தேடி வந்தது. நமக்கு அப்படி யாரும் கொண்டு வந்து தரப்போவதில்லை. நாம்தான் தெருவுக்குப் போக வேண்டும்.

காலில் தெம்பிருந்தால் இன்னொரு மாதம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் பிறகு குளமாயிற்று என்பார்கள். மீனாட்சி கோவிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் அந்த மண்ணைத் தோண்டும்போது கிடைத்தவர் என்றும் சொல்வதுண்டு. தைப்பூசத்தன்று தெப்பத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் இடிபட்டு வந்திருப்போம். சாதாரண நாளில், விளக்கு வைத்த பிறகு, அந்தப் படிக்கட்டுச் சுவரில் உட்கார்ந்து மைய மண்டபத்தைப் பார்த்திருக்கிறோமா? நாயக்கர் மகால், தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்து 1959-ல் திறக்கப்பட்ட காந்தி மியூசியம், பக்கத்தில் 2023-ல் வந்த கீழடி அருங்காட்சியகம் என்று பகலில் பார்க்க வேண்டியவையும் நிறைய இருக்கின்றன. கீழடி மண்ணில் தங்க நகை கிடைத்ததைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. விளையாடுகிற வட்டச் சில்லுகளும் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய மனுஷர்களுக்கும் விளையாட நேரம் இருந்திருக்கிறது, நமக்கு இல்லையா?

ராத்திரி மதுரைக்கு என்று தனி அழகு உண்டு. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் பாதிப் பெருமை இந்த ஊரின் ராத்திரிக்குத்தான். முதல் சாமம், இரண்டாம் சாமம், மூன்றாம் சாமம் என்று ஊர் எப்படி மாறுகிறது என்று வரிசையாகச் சொல்கிறார். பகல் கடை நாளங்காடி, ராத்திரிக் கடை அல்லங்காடி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூவும் நறும்புகையும் ஏந்திப் பள்ளிக்கு வழிபடப் போகிற பெண்களும் அதில் வருகிறார்கள். இன்றைக்கும் சுக்கு மணக்கும் பருத்திப்பால் தள்ளுவண்டி, ஆவி பறக்கும் இட்லிக் கடை, கட்டிக் கட்டிக் குவிக்கும் மல்லிகைச் சரம், நடை சாத்துவதற்கு முன் சொக்கநாதர் பாதத்தைப் பல்லக்கில் வைத்து அம்மன் பள்ளியறைக்குக் கொண்டு போகிற காட்சி... எல்லாம் நம்ம ஊரில்தான் நடக்கிறது. பஸ் பிடித்து வந்து வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

"எல்லாம் சரி, ராத்திரியில பயமா இருக்காதா?" என்று கேட்பீர்கள். பயப்படக் காரணம் இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். செயின் பறிப்பும், வேண்டுமென்றே இடித்துவிட்டுப் போகிற கையும், பின்னாலேயே வருகிற வண்டியும் இல்லாத ஊர் எது? ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் எத்தனை ஆயிரம் பெண்கள்! கைக்குழந்தைக்காரி, எண்பது வயசுக் கிழவி, கல்யாணமாகாத பெண் எல்லாரும் விடிய விடியத் தெருவில்தான். ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் பார்க்க இன்னொரு ராத்திரி. அன்றைக்கு யாரும் "எதுக்குப் போறே?" என்று கேட்பதில்லை. ஊர் அதேதான், இருட்டும் அதேதான். பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், விளக்கு எரிகிறது, கடை திறந்திருக்கிறது, போலீஸ் நிற்கிறது. நாம் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டால் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பேருக்குத் தெரு இன்னும் ஆபத்தாகிறது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2019 டிசம்பர் 29-ஆம் தேதி அரசின் பெண்கள்-குழந்தைகள் நலத் துறையே ஏற்பாடு செய்து, ராத்திரி 11 மணியிலிருந்து 1 மணி வரை பல ஊர்களில் பெண்களைத் தெருவில் நடக்க வைத்தது. 2012 டில்லிக் கொடுமையில் உயிர்விட்ட அந்த மாணவியின் நினைவு நாள் அது. பொது இடம் எனக்கும் உரியது என்பதுதான் அந்த நடைக்கு வைத்த பெயர். நாம் நடுராத்திரி வரை போக வேண்டாம். ஒன்பது மணி வரையாவது போவோமே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்குத்தான் ராத்திரித் தெரு புதிது. கோவில் வாசலில் பூக்கட்டும் அக்கா, தள்ளுவண்டிப் பாட்டி, கடை அடைத்த பிறகு வீதி பெருக்கும் துப்புரவுத் தொழிலாளிகள், ராத்திரி டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நர்ஸ், இவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு. வெளிச்சம் இல்லாத சந்து எது, எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த முனையில் குடிகாரர் தொல்லை என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பூ வாங்கும்போது பேரம் பேசுவதோடு நிறுத்தாமல் ரெண்டு வார்த்தை பேசுங்கள். அந்தத் தெருவில் நமக்கு ஒரு தெரிந்த முகம் இருப்பதே பாதித் தைரியம்.

மாநகராட்சியிடமும் போக்குவரத்துக் கழகத்திடமும் நாம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. நம் மாநிலத்தில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. கையில் காசு கேட்காமல் வெளியே போக முடிந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டோடு இருக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். ஆனால், பஸ்ஸை விட்டு இறங்கினால் எரியாத தெருவிளக்கு, பூட்டிக் கிடக்கும் கழிப்பறை, உட்கார இடமில்லாத நிழற்குடை! டீக்கடை பெஞ்ச் ஆண்களுக்கு, கோவில் பிராகாரம் பெண்களுக்கு என்று எத்தனை காலம்தான் இருப்பது? ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்கும் சுத்தமான கழிப்பறையும், நல்ல வெளிச்சமும், நேரத்துக்கு வருகிற கடைசி பஸ்ஸும் இருந்தால், பெண்கள் தாமாகவே வெளியே வருவார்கள். உங்கள் வார்டில் எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவாவது ஒரு நாள் இருட்டில் நடக்க வேண்டாமா?

இனி, போகிறவர்களுக்குச் சில யோசனைகள். கடிதங்களில் வாசகிகள் சொன்னவற்றையும் சேர்த்துத் தருகிறோம்.

1. நாளை முதலிலேயே குறித்துவிடுங்கள். "ஒரு நாள் போகலாம்" என்றால் அந்த நாள் வரவே வராது. பௌர்ணமி என்று வைத்துக்கொண்டால் மறக்காது, வெளிச்சத்துக்கு வெளிச்சமும் ஆயிற்று.

2. முதல் தடவை தனியாக வேண்டாம். தெருவிலோ காம்பவுண்டிலோ இருக்கும் ரெண்டு மூணு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதினியையும் கூப்பிடுங்கள், மாமியாரையும் கூப்பிடுங்கள். அத்தை வந்தால் பேச்சு அடங்கிப் போகும் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்து மதுரையை அவர்கள் சொல்லக் கேட்டால்தான் தெரியும். பழகிய பிறகு, பழகிய தெருவில், ஒரு நாள் தனியாகவும் நடந்து பாருங்கள்.

3. ஒரு தடவைக்கு ஒரே வீதி போதும். நாலு இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால், அதுவும் இன்னொரு வீட்டு வேலை மாதிரி ஆகிவிடும். கால் வலித்தால் உட்காருங்கள். பெயர்ப் பலகையைப் படியுங்கள். இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர் என்று பழைய கடைக்காரரைக் கேளுங்கள்.

4. பை எடுத்துப் போகாதீர்கள். "போறதுதான் போறே, அப்படியே ரெண்டு கிலோ வெங்காயம் வாங்கிட்டு வந்துடு" என்று யாராவது சொன்னால், "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெங்காயம் வந்துவிட்டால் சும்மா போனது கடைக்குப் போனதாகிவிடும்.

5. ஒரு ஐம்பது, நூறு ரூபாய் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்திப்பாலோ, ஜிகர்தண்டாவோ, சுண்டலோ, உங்களுக்கு எது வேண்டும் என்று யோசித்து வாங்கிச் சாப்பிடுங்கள். பார்சல் கட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு எப்படியும் இன்னொரு நாள் வாங்கித்தரத்தான் போகிறோம்.

6. போவதற்குப் பிராயச்சித்தமாக அன்றைக்கு மூணு பதார்த்தம் கூடுதலாகச் சமைத்து வைக்காதீர்கள். ரசத்தைச் சூடு பண்ணிக்கொள்ளவும் அப்பளம் சுடவும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாதென்றால், தெரிந்துகொள்ள அதுதான் நல்ல நாள்.

7. எந்தத் தெருவுக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அனுமதி கேட்பது வேறு, தகவல் சொல்வது வேறு. செல்போனில் சார்ஜ் இருக்கட்டும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 ஆகிய எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் மனசும் லேசாக இருக்கும்.

"எங்க வீட்டில் இதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க" என்று எழுதப் போகிற சகோதரிகளையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறோம். குறிப்பாக, கணவரை இழந்த பெண்கள். விளக்கு வைத்த பிறகு அவர்கள் வாசல்படியில் நின்றாலே பேசுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களால் முதல் ஆளாகக் கிளம்ப முடியாது. அந்தத் தெருவில் மற்றவர்கள் கிளம்பும்போது, போகிற வழியில் கதவைத் தட்டி, "அக்கா, வாங்க, சும்மா நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிட வேண்டியது நம் பொறுப்பு. நாலு பேர் சேர்ந்து போனால் ஊர் நாலு நாள் பேசும். அஞ்சாவது நாள் வேறு விஷயம் கிடைத்துவிடும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. (இந்தப் பக்கத்தை நீங்களும் ஒளிந்து ஒளிந்து படிக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்!) இது உங்களுக்கு எதிராகப் பிடிக்கிற கொடி இல்லை. அந்த மூன்று மணி நேரம் "எங்கே இருக்கே, எப்ப வருவே, தேங்காய்ச் சட்னி எங்கே வச்சே" என்று போன் பண்ணாமல் இருந்தாலே போதும். திரும்பி வந்ததும் "என்ன வாங்கிட்டு வந்தே?" என்று கேட்காமல், "என்ன பார்த்தே?" என்று கேட்டுப் பாருங்கள். பல வருஷமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த பேச்சு வெளியே வரும்.

ஒரு நடையில் எல்லாம் மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அதே பாத்திரம், அதே குழாய்த் தண்ணீர், அதே ஐந்து மணி நேர வேலை இருக்கத்தான் செய்யும். ஆனால், மாதம் ஒரு தடவை உங்கள் காலின் வேகத்துக்கு நடந்து, உங்கள் கண்ணுக்குப் பிடித்த இடத்தில் நின்று, உங்கள் நாக்குக்குப் பிடித்ததைச் சாப்பிட்டால், உங்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் கிடைக்க ஆரம்பிக்கும்.

மதுரை என்றில்லை. திருநெல்வேலியோ, கும்பகோணமோ, ஆறே தெரு உள்ள சின்ன ஊரோ, உங்கள் ஊரில் ஒரு வீதியைத் தேர்ந்தெடுங்கள். போய்விட்டு வந்து எங்களுக்கு எழுதுங்கள். எந்த வீதி, யாரோடு போனீர்கள், இத்தனை வருஷமாகக் கண்ணில் படாதது எது பட்டது, எந்த இடத்தில் பயமாக இருந்தது, எங்கே விளக்கு எரியவில்லை, என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். வாசலில் "எதுக்குப் போறே?" என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நல்ல கடிதங்களை இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்